ஒரே போத்தல்

செவ்வாய்க்கிழமை காலை ஹைக்கல் போன் செய்தபோது ஆயர் ஈத்தாம் பாசாரில், காய்கறிக் கடைகளுக்கு நடுவே, ஜெகதீஸ்வரி ஒரு கீரைக்காரியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். வாடின கீரையைத் தலையில் கட்டப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஹைக்கல் அவள் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்தில் மரபணுச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன். துளி திசுவைக் கொடுத்தால் போதும், எந்த உயிரினத்துடையது என்று சொல்லிவிடுவான்.

“அக்கா, எங்க இருக்கீங்க?”

“பாசார்ல. ஏன் தம்பி?”

“கொஞ்சம் ஓரமா வாங்க. நீங்க குடுத்த செல்லு சியாக்காப் இல்லக்கா.”

“என்ன இல்ல?”

“சியாக்காப் மீனு இல்ல. மொத்தமும் திலாப்பியா. நம்ப முடியாம மறுபடியும் ஓட்டிப் பாத்துட்டேன். அதேதான் வருது.”

ஜெகதீஸ்வரிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. உன் மெஷினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டாள். ஹைக்கல் சிரிக்கவில்லை.

“ரிப்போர்ட்ட இன்னிக்கே டாக்டர் புவனேஸ்வரனுக்கு அனுப்பணும்கா. அதுக்கு முன்னாடி உங்க காதுல போட்டுடலாம்னுதான் கூப்பிட்டேன்.”

“தம்பி, கொஞ்சம் பொறுத்துக்கோலா. வெள்ளிக்கிழம அனுப்பு. அதுக்குள்ள நானும் ஒரு தடவ செக் பண்ணிக்கிறேன்.”

“வெள்ளிக்கிழமைக்கு மேல என்னால புடிச்சு வைக்க முடியாது. ஜப்பான்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. சுசாக்கா, ரொம்பக் கஷ்டம்.”

“சரி, சரி. வெள்ளிதான்.”

கீரைக்காரி மனம் மாறி நல்ல கட்டாக ஒன்றை நீட்டினாள். ஜெகதீஸ்வரி அதை வாங்காமலே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அந்தச் செல்கள் அவள் பெற்று வளர்த்தவை. சியாக்காப் என்பது வேறொன்றுமில்லை, நாம் வாங்கிப் பொரிக்கும் கொடுவா மீன்தான். கடலில் கூண்டு கட்டி அதை வளர்க்கிறவர்களுக்கு ஒரு வைரஸ் ஓயாத தலைவலி. குஞ்சு மீன்களைக் கூண்டோடு காலி செய்துவிடும். டாக்டர் புவனேஸ்வரனின் ஆய்வுக்கூடத்தில் ஜெகதீஸ்வரி ஒரு சியாக்காப் குஞ்சின் செவுளிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து, குடுவையில் போட்டு, செத்துப் போனதெல்லாம் போக மிஞ்சியதைத் தேற்றி வளர்த்தாள். எதிர்ப்பக்கத்தில் இருந்தது தாவர ஆய்வுக்கூடம். அங்கே ஹுஸ்னா வல்லாரையை மண்ணில்லாமல் கண்ணாடிக் குப்பிகளில் வளர்த்துச் சாறெடுப்பாள். அந்தச் சாற்றை ஜெகதீஸ்வரியின் செல்கள் மேல் விட்டு, கூடவே வைரஸையும் விட்டால், செல்கள் சாகவில்லை! இரண்டு ஆய்வுக்கூடமும் ஜப்பானிலிருந்து ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்த கூட்டு ஆராய்ச்சி அது. அடுத்தது கூண்டு மீன்களுக்கே கொடுத்துப் பார்ப்பது என்று பேச்சு. அதற்கு முன்னால் செல்கள் சியாக்காப்தானா என்று ஒரு சோதனை செய்து அனுப்புங்கள் என்று ஜப்பான்காரர்கள் கேட்டிருந்தார்கள். வெறும் சம்பிரதாயம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஜெகதீஸ்வரிக்கு முனைவர் பட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஹுஸ்னாவுக்கு இல்லை. அவளுடைய ஆய்வேட்டின் அட்டையிலேயே சியாக்காப் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதை அவள் வியாழக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் வருகிற பருவத்தில் அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. வியாழனுக்குள் யாராவது வாயைத் திறந்தால் அத்தனையும் நின்றுபோகும். வாயைத் திறக்க வேண்டியவள் இப்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

திலாப்பியா எங்கிருந்து வந்தது? அதை யோசிக்கவே தேவையில்லை. ஜப்பான்காரர்கள் கொடுத்த திலாப்பியா செல்கள் அதே இன்குபேட்டரில் பக்கத்துத் தட்டில் இருந்தன. அதுவும் இவள் பொறுப்புதான். எப்போது கலந்திருக்கும் என்பதுதான் கேள்வி. பஸ் ஜெலுத்தோங் தாண்டும்போது அவளுக்குத் தைப்பூசம் நினைவுக்கு வந்தது.

போன வருஷம் அம்மா வள்ளியம்மாவுக்குக் கண் அறுவை நடந்தது. பார்வை திரும்பினால் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று ஜெகதீஸ்வரி நேர்ந்துகொண்டாள். பார்வை திரும்பியது. விரதம் தொடங்கினாள். மரக்கறி, பாய்ப் படுக்கை எல்லாம் சரிதான். செல்களுக்கு ஊற்றுகிற மீடியம்தான் இடித்தது. செல்கள் சும்மா வளராது, சத்து நீர் கேட்கும். அந்தச் சத்து நீரில் சேர்க்கிற சீரம் பிறக்காத கன்றுக்குட்டியின் இரத்தத்திலிருந்து எடுத்தது. மற்ற நாளில் அதை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டாள். பால்குடம் தூக்கப் போகிற கையால் கன்றின் இரத்தத்தைத் தொடுவதா? மனசு ஒப்பவில்லை. டாக்டர் புவனேஸ்வரனிடம் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார். அவரும் சாமி கும்பிடுகிறவர்தான், ஆனால் ஆய்வுக்கூட வாசலில் செருப்போடு சாமியையும் கழற்றிவிட்டு வரவேண்டும் என்பவர். அவள் ஹுஸ்னாவிடம்தான் சொன்னாள்.

“இதுக்குப் போயா முழிக்கிற?” என்றாள் ஹுஸ்னா. “நீ உன் முருகனப் பாரு. உன் புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன். நோன்பு மாசத்துல சாயங்காலமானா என் செடிங்கள நீ பாக்கல?”

அப்படித்தான் அந்த விரத நாள் முழுக்க ஹுஸ்னா கையால் செல்கள் சாப்பிட்டன. டாக்டருக்குத் தெரியாது. தைப்பூசம் முடிந்து ஜெகதீஸ்வரி திரும்பியபோது சியாக்காப் செல்கள் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் பெருகிக்கொண்டிருந்தன. எல்லாம் முருகன் அருள் என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். படித்தவள், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்! சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

தாவர ஆய்வுக்கூடத்தில் ஹுஸ்னா ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். முகம் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தாள்.

“ஏண்டி, போன வருஷம் தைப்பூசத்தப்ப என் செல்லுக்கெல்லாம் நீதானே மீடியம் மாத்துன?” என்று ஜெகதீஸ்வரி கேட்டாள்.

“பின்ன, உன் முருகனா வந்து மாத்துனாரு?”

“எப்படி மாத்துன?”

“நீ காட்டிக் குடுத்த மாதிரிதான். பழச உறிஞ்சி எடுத்துட்டுப் புதுச விட்டேன்.”

“திலாப்பியாவுக்கும் சியாக்காப்புக்கும்...”

“ஒரே போத்தல்தான். ரெண்டும் அதே மீடியம்தானே? எதுக்கு ரெண்டு போத்தலத் தொறந்து வீணாக்கணும்? எங்க லேப்ல பெரிய போத்தல் ஒண்ணு காய்ச்சுனா அன்னிக்கு எல்லாச் செடிக்கும் அதான்.” ஹுஸ்னா தலைநிமிர்ந்தாள். “ஏன், ஏதாச்சும் பிரச்சினையா?”

“இல்ல. சும்மாதான் கேட்டேன்.”

அந்தச் ‘சும்மா’ வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பிறகு அதைத் திருப்பி விழுங்க வழியில்லை.

செடிக்காரர்களுக்கு எதிரி வெளியே இருக்கிறது. காற்றில் வருகிற பூஞ்சணம் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரே போத்தலிலிருந்து எத்தனை குப்பிக்கு ஊற்றினாலும் மல்லிகை வல்லாரைக்குள் புகுந்துவிடப் போவதில்லை. மீன்காரர்களுக்கு எதிரி பக்கத்துக் குடுவையிலேயே இருக்கிறது. திலாப்பியாவைத் தொட்ட குழாய் மறுபடி போத்தலுக்குள் போனால், கண்ணுக்குத் தெரியாத நாலு செல் கூடவே போகும். அடுத்து அதே போத்தலிலிருந்து சியாக்காப்புக்கு ஊற்றினால் அந்த நாலும் அங்கே குடியேறும். திலாப்பியா முரட்டுத்தனமாகப் பெருகும். சியாக்காப் சவலைப் பிள்ளை. கொஞ்ச காலத்தில் குடுவை முழுக்கத் திலாப்பியா, பெயர் மட்டும் சியாக்காப். அதனால்தான் ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் ஒரு போத்தல், அதை மற்றது தொடவே கூடாது. மீன் ஆய்வுக்கூடத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. வந்த முதல் வாரத்திலேயே பார்த்துப் படிந்துவிடும். ஹுஸ்னாவுக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்த ஜெகதீஸ்வரி இதை மட்டும் சொல்லவில்லை. தெரியாமல் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

செவ்வாய் மதியமே சொல்லியிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் ஹுஸ்னா இருந்தாள். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? ஹுஸ்னாவின் வேலை போகும். டாக்டர் புவனேஸ்வரன் யார் கை வைத்தது என்று கேட்பார். ஹுஸ்னா என்று சொன்னால் காட்டிக்கொடுத்தது போலாகும். உங்கள் செல்களை அவள் ஏன் தொட்டாள் என்று அடுத்த கேள்வி வரும். விரதம் என்று சொன்னால் அந்த அறையில் ஜெகதீஸ்வரியின் மானம் கப்பலேறும். எல்லாவற்றையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போட்டுப் பார்த்தாள். பயமாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் பயம் என்று ஒத்துக்கொள்ளாமல், அவசரப்படக் கூடாது, ஒன்றுக்கு இரண்டு முறை உறுதி செய்துகொள்வதுதான் முறை என்று தனக்கே பாடம் நடத்திக்கொண்டாள். படித்தவர்களுக்கு இந்த வசதி உண்டு.

விரதத்துக்கு முன்னால் உறைய வைத்த பழைய சியாக்காப் செல்கள் திரவ நைட்ரஜன் தொட்டியில் இருந்தன. புதன்கிழமை அதில் ஒரு குழாயை எடுத்து உருக்கிக் குடுவையில் விட்டாள். இது பிழைத்தால், கெட்ட செய்தியோடு ஒரு நல்ல செய்தியும் சேர்த்துச் சொல்லலாம்: எல்லாம் போகவில்லை, இதிலிருந்து மறுபடி தொடங்கலாம், ஒரு வருஷம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே? வெறுங்கையோடு போய் எப்படிச் சொல்வது? அன்று முழுக்க அவளுக்கு அந்தக் குடுவைதான் உலகம். சோறு இறங்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஹுஸ்னா வந்து எட்டிப் பார்த்து, “என்னடி பேயறைஞ்ச மாதிரி இருக்க? நாளைக்குத் தீசிஸ் குடுக்கப் போறது நானா நீயா?” என்று கிண்டல் செய்துவிட்டுப் போனாள்.

வியாழன் காலை செல்கள் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. மெல்லிசாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஆனால் உயிரோடு. உண்மையான சியாக்காப். ஜெகதீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போதே ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தாள். அதற்குள் போன் சிணுங்கியது. மேற்படிப்பு அலுவலக வாசலில் ஆய்வேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கும் ஹுஸ்னாவின் படம். ‘முடிஞ்சுதுடி! வெள்ளி தொழுகைக்கப்புறம் அத்தா கடையில விருந்து. நீ வரலேன்னா கொன்னுடுவேன்.’

ஜெகதீஸ்வரி நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பதில் அனுப்பினாள். ‘வாழ்த்துகள் டாக்டர்!’ பக்கத்தில் ஒரு இதயத்தையும் போட்டாள். ஏன் அப்படி அனுப்பினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கை தானாகச் செய்துவிட்டது.

ஹுஸ்னாவின் அத்தா சிக்கந்தருக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் நாசி கண்டார் சோற்றுக்கடை. வெள்ளிக்கிழமை தொழுகை விட்டதும் உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. அன்று மட்டும் மாடி அறையை மகளுக்காக ஒதுக்கியிருந்தார். இரண்டு ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகளும் நீள மேசையில் உட்கார்ந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் புவனேஸ்வரன் மட்டும் ஏதோ கூட்டம் என்று வரவில்லை. ஹுஸ்னா தலையில் இளம்பச்சைத் துடோங் துணி சுற்றி, கல்யாணப் பெண் மாதிரி எல்லாரிடமும் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள்.

“வாம்மா ஜெகா!” சிக்கந்தர் கையில் கரண்டியோடு வந்தார். “எங்க குடும்பத்துல மொத டாக்டர் இவ. ஊசி போடாத டாக்டராம், அதனால என்ன? டாக்டர் டாக்டர்தான்.”

“ஆமா மாமா,” என்றாள் ஜெகதீஸ்வரி. குரல் அவளுக்கே யாரோ பேசுவது போல் இருந்தது.

சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். இல்லை, சாயங்காலம், ஹுஸ்னா தனியாக இருக்கும்போது. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியில் ஹைக்கலின் தலை தெரிந்தது. விருந்துக்கு அவனையும் அழைத்திருக்கிறார்கள். அவன் ஜெகதீஸ்வரியைப் பார்த்தான், பிறகு சிரித்துக்கொண்டிருந்த ஹுஸ்னாவைப் பார்த்தான். இன்னும் சொல்லவில்லையா என்று அவன் முகமே கேட்டது. ஜெகதீஸ்வரி பாய்ந்து போய் ஹுஸ்னாவின் கையைப் பிடித்தாள்.

“கொஞ்சம் இப்படி வா.”

கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், மசாலா மூட்டைகள் அடுக்கியிருந்த மூலையில் நின்று சொன்னாள். திலாப்பியா, சோதனை, தைப்பூசம், போத்தல். தலைகீழாக, முன்பின்னாக, மூச்சு விடாமல் சொன்னாள். பழைய செல்கள் பிழைத்திருப்பதையும் சொன்னாள். ஹுஸ்னாவின் முகத்திலிருந்த இரத்தமெல்லாம் வடிந்துபோயிருந்தது.

“ஒரே போத்தல்ல ஊத்துனதாலயா?”

“ஆமா.”

“தனித்தனியா வச்சுக்கணும்னு நீ சொல்லலியேடி.”

“சொல்லணும்னே தோணலடி. அது தெரியாதவங்க இருப்பாங்கன்னு நெனைக்கவே இல்ல.”

ஹுஸ்னா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நானும் கேட்டிருக்கணும். என் கைதான். அத நான் ஒத்துக்கிறேன்,” என்றாள்.

ஜெகதீஸ்வரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எவ்வளவு பயந்திருந்தாள், இவள் எவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டுவிட்டாள்! அவள் கையைத் தொடப் போனபோது ஹுஸ்னா நிமிர்ந்து பார்த்தாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

ஜெகதீஸ்வரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“செவ்வாக்கிழம வந்து கேட்டியே. மீடியம் எப்படி மாத்துனேன்னு. அப்பவே தெரியும், இல்ல?”

“உறுதி பண்ணிட்டுச் சொல்லலாம்னு...”

“நான் ஏன்னு கேட்டேன். சும்மாதான்னு சொன்ன.” ஹுஸ்னாவின் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருக்கலாம். “அன்னிக்குச் சொல்லியிருந்தா ஒரு வருஷம் தள்ளிப் போயிருக்கும். அழுதிருப்பேன், உன்னத் திட்டியிருப்பேன், ரெண்டு பேரும் சேந்து மறுபடி செஞ்சிருப்போம். இப்ப நேத்து என் கையால கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கேன், இதுல உள்ளதெல்லாம் உண்மைன்னு. நான் பொய் சொல்றேன்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியல. நீ டாக்டர்னு மெசேஜ் வேற போடுற.”

“ஹுஸ்னா, உன் வேல போயிருமேன்னுதான்...”

“என் வேலக்காகவா?” அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஹைக்கல் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இவர்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். “அவன் வந்துட்டான். அதான் இப்ப சொல்ற. அவன் வரலேன்னா இன்னிக்கும் சொல்லியிருக்க மாட்ட.”

இல்லை என்று சொல்ல ஜெகதீஸ்வரி வாயெடுத்தாள். ஆனால் ஹுஸ்னா சொன்னது உண்மைதானே?

ஹுஸ்னா முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக அறைக்குள் போனாள். சிக்கந்தர் பெரிய தாம்பாளத்தில் மாட்டிறைச்சி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தா, நான் யூனிவர்சிட்டிக்குப் போறேன். ஆபீஸ் மூடுறதுக்குள்ள நேத்து குடுத்தத திரும்ப வாங்கணும். ஆராய்ச்சியில தப்பு இருக்கு.”

மேசையில் கூச்சல் நின்றது. சிக்கந்தருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “சாப்பிட்டுட்டுப் போம்மா. என்ன அவசரம்?”

“நான் இன்னும் டாக்டர் ஆகலத்தா. வந்து சொல்றேன்.”

“நானும் வர்றேன்,” என்று ஜெகதீஸ்வரி பையை எடுத்தாள். “டாக்டர் புவனேஸ்வரன்கிட்ட நான்தான் சொல்லணும்.”

“அவர்கிட்ட நீ அப்புறம் போய்ச் சொல்லிக்க. இப்ப என்கூட வராத.” ஹுஸ்னா படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். “உக்காந்து சாப்பிடு. நீ மாடு சாப்பிட மாட்டேன்னு அத்தா காலையிலேருந்து உனக்காகத் தனியா ஆக்கியிருக்காரு.”

அவள் இறங்கிப் போகும் சத்தம் கீழே கடைக் கூட்டத்தில் அமுங்கிப்போனது. ஒவ்வொருவராக எழுந்து கை கழுவப் போனார்கள். ஹைக்கலும் போய்விட்டான். ஜெகதீஸ்வரி உட்கார்ந்தாள். சிக்கந்தர் அவள் முன்னால் தட்டை வைத்துச் சோறு போட்டார்.

“என்னம்மா நடந்துச்சு? அவ முகத்த நான் இப்படிப் பாத்ததே இல்ல. யாரு பண்ண தப்பு இது?”

போத்தலைச் சொல்லலாம். அது உண்மைதான், கேட்கிறவருக்கும் எளிதாகப் புரியும்.

“மாமா, அவ குடுக்கப் போற ஆராய்ச்சி தப்புன்னு செவ்வாக்கிழம காலையிலயே எனக்குத் தெரியும். நான் சொல்லல. குடுக்க விட்டுட்டேன்.”

சிக்கந்தர் சின்னச் சட்டியைத் திறந்து, அவளுக்கென்று ஆக்கிய கோழிக் குழம்பைச் சோற்றின் மேல் நிறைய ஊற்றினார். சட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.